கூரைக்குத் தருவார்கள், வீட்டுக்குத் தரமாட்டார்கள்

தாத்தா காலத்து வீட்டைச் சீர்செய்யப் பணம் வேண்டும் என்று யாரிடம் போய் நின்றாலும் முதலில் கிடைப்பது பாராட்டுதான். "இந்த மாதிரி வீட்டையெல்லாம் விட்டுடக் கூடாதுங்க" என்பார்கள். பாராட்டை வைத்து ஒரு ஓடுகூட மாற்ற முடியாது. மானியம், கடன், வரிச்சலுகை என்று எல்லாப் பக்கமும் அலைந்து, எங்கள் வீட்டை ஓரளவு தேற்றிய பிறகு சொல்கிறேன்: வீட்டுக்கு என்று யாரும் பணம் தருவதில்லை. ஒழுகும் கூரைக்குத் தருவார்கள். தெருவைப் பார்த்திருக்கும் முகப்புக்குத் தருவார்கள். உளுத்துப்போன உத்தரத்துக்கும், பழைய ஜன்னல்களுக்கும் தருவார்கள். அதனால் பணம் தேடுவது என்பதில் பாதிக்கு மேல், வீட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காகிதத்தில் எழுதும் வேலை.

அந்தக் காகிதத்தில் முதல் காகிதம் பத்திரம். வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. மானியம் தரும் இடத்தில் எங்கள் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "யார் கையெழுத்துப் போடப் போறீங்க?" அத்தை, சித்தப்பா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் என்று பங்காளிகள் எல்லோரும் சம்மதித்து ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை விண்ணப்பப் படிவம்கூடக் கைக்கு வரவில்லை. சித்தப்பாவைச் சம்மதிக்கவைத்தது தனிக்கதை. மானியம் வாங்கினால் பத்து வருடத்துக்கு விற்க முடியாதாமே என்பது அவர் பயம். பயத்தில் பாதி நியாயம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். கூட்டுச் சொத்தாக இருந்தால் நீங்களும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆர்க்கிடெக்டைத் தேடுவதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது காகிதம் கட்டடத்தின் நிலை அறிக்கை. இதற்கு மட்டும் கைக்காசைச் செலவழிக்கத் தயங்காதீர்கள். பழைய கட்டடங்களில் கைதேர்ந்த ஒரு ஆர்க்கிடெக்ட் வந்து ஒருநாள் முழுக்க வீட்டைத் தட்டிப் பார்த்தார். நிஜமாகவே தட்டிப் பார்த்தார். கையில் சிறு மரச்சுத்தியல், ஒரு திருப்புளி, ஒரு டார்ச். கைமரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். நடுவில் இரும்பு மாதிரி நின்ற மரம், சுவரோரத்தில் ஊறவைத்த ரொட்டியாகக் குழைந்தது. "மழை மேலேருந்து இறங்கல. சுவர்ல தங்கின தண்ணி மரத்துக்குள்ள போயிருக்கு" என்றார். கீழே வந்து, சுவரில் இடுப்புயரத்துக்கு எப்போதோ யாரோ பூசிய சிமெண்டுப் பூச்சைத் தட்டினார். பொள்ளலாகச் சத்தம் வந்தது. ஒரு பாளத்தைப் பெயர்த்துக் காட்டினார். பின்னால் இருந்த செங்கல் விரலால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டு உலர்ந்துகொள்ளும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்துவிட்டால், ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பைக் கிளப்பிச் செங்கல்லைத் தின்றுவிடும். ஓதத்துக்கு மருந்து என்று பூசியதுதான் ஓதத்தை வளர்த்திருக்கிறது.

அவர் கொடுத்த அறிக்கையில் மூன்று பட்டியல்கள் இருந்தன: இப்போதே செய்யாவிட்டால் இடியக்கூடியவை, இரண்டு மூன்று வருடங்கள் தாங்குபவை, ஆசைக்குச் செய்பவை. முதல் பட்டியலில் கூரை, மழைநீர்த் தாரை, நான்கு கைமரங்கள், சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப நாள் கனவாக இருந்த சமையலறை மூன்றாவது பட்டியலில் கடைசி வரி. என் மனைவி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்தப் பட்டியல்தான் பிறகு பணமாக மாறியது. மானியம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கூரை, கட்டுமான உறுதி, வெளிச்சுவர், ஜன்னல், முகப்பு இவற்றை ஏற்பார்கள். சமையலறை, குளியலறை, ஏசி, புதிதாகச் சேர்க்கும் அறை என்று எழுதினால் அந்த வரிகளை அடித்துவிடுவார்கள். அதனால் கைக்காசு, வங்கிக் கடன் இரண்டையும் மானியம் தொடாத வேலைகளுக்கு ஒதுக்கி வைத்தோம். கையிலிருந்த சேமிப்பையெல்லாம் முதலிலேயே கூரையில் போட்டுவிட்டு, குளியலறைக்கு மானியம் தேடி அலைகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காது.

எங்கே தேடுவது என்பதற்கு நாட்டுக்கு நாடு விடை மாறும். இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான சில கதவுகள் இருக்கின்றன. எந்தக் கதவு யாருக்கு என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும்.

வரிச்சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பழைய கட்டடத்தைச் சீர்செய்தால் செலவில் 20% கூட்டரசு வரியில் கழியும் என்று கேள்விப்பட்டுப் பலர் துள்ளிக் குதிப்பார்கள். அது வாடகை, கடை, அலுவலகம் என்று வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும்தான். குடியிருக்கும் சொந்த வீட்டுக்குக் கிடையாது. ஆனால் பல மாநிலங்கள் தனியாக வைத்திருக்கும் வரிச்சலுகைகளில் சொந்த வீட்டுக்கும் இடம் உண்டு. அங்கே வரலாற்று இடங்களின் தேசியப் பட்டியலில் வீட்டின் பெயர் ஏறிவிட்டால் பணம் வரும் என்பதும் தவறான நம்பிக்கை. பட்டியலில் ஏறுவது மற்ற உதவிகளுக்கு ஒரு நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். ஜெர்மனியில் இதற்கு நேர்மாறு: பாதுகாக்கப்பட்ட வீட்டில் உரிமையாளரே குடியிருந்தாலும், ஏற்கப்பட்ட செலவில் ஆண்டுக்கு 9% வீதம் பத்து வருடங்களுக்கு வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை: வேலை தொடங்குவதற்கு முன்பே மரபுச்சின்ன அலுவலகத்தோடு பேசி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வரிச்சலுகை எதுவானாலும், வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இருப்பவருக்குத்தான் பயன். ஓய்வூதியத்தில் வாழும் என் அத்தைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

குறைந்த வட்டிக் கடன் இன்னொரு கதவு. நெதர்லாந்தில் 1985இல் தொடங்கிய தேசியச் சீரமைப்பு நிதியம் இதற்கு நல்ல உதாரணம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் உரிமையாளர்களுக்குச் சந்தை வட்டியைவிடக் குறைவான வட்டியில் கடன் கொடுப்பார்கள். திரும்பி வரும் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். அமெரிக்காவில் 203 கே என்ற கடனில் வீடு வாங்கும் தொகையும் பழுதுபார்க்கும் தொகையும் ஒரே கடனாக வரும். அது மரபு வீடுகளுக்கென்று உண்டானதல்ல, ஆனாலும் பழைய வீடு வாங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கிறது. "மரபு" என்ற பெயர் இல்லாத உதவிகளையும் தேடச் சொல்வது இதனால்தான். முதியோர் வீட்டுப் பழுதுபார்ப்பு, மின்சிக்கனம், வெள்ளத் தடுப்பு என்று வேறு பெயர்களில் இருக்கும் திட்டங்களில் கூரையும் ஜன்னலும் அடங்கிவிடும். எங்களுக்கு ஜன்னல் வேலையில் ஒரு பங்கு அப்படித்தான் வந்தது.

அறக்கட்டளைப் பணம், பொதுநிதி இவை மூன்றாவது கதவு. பிரான்சில் 1996இல் உருவான பாரம்பரிய அறக்கட்டளை தனியார் வீடுகளுக்கும் ஒரு முத்திரை தருகிறது. அதை வைத்து வரிச்சலுகை பெறலாம். 2018 முதல் பாரம்பரியக் கட்டடங்களுக்காகவே லாட்டரி நடத்தி அதில் வரும் பணத்தையும் பகிர்கிறார்கள். இந்தியாவிலும் நல்ல உதாரணங்கள் உண்டு. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் புதுச்சேரி வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளுடைய முகப்புகளைச் சீரமைத்தார்கள். மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் அதில் முன்னின்றது. 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஒற்றை வீடாகப் போய்க் கேட்பதைவிட ஒரு தெருவாகப் போய்க் கேட்டால் காது கொடுப்பார்கள். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு தனி வீட்டில் அக்கறை காட்டக் காரணம் இருக்காது. ஒரு தெருவில் இருக்கும். எங்கள் எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்கள் மனு அடுத்த மேசைக்கு நகர்ந்தது.

தரநிலை என்று ஒன்று வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எல்லா நாட்டு வழிகாட்டிகளிலும் சாரம் ஒன்றுதான்: மாற்றாதே, பழுதுபார், பழுதுபார்க்கவே முடியாவிட்டால் மட்டும் அதே பொருளில், அதே வடிவில் மாற்று. இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877இல் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இதே பேச்சுதான். மரபு இடங்களைப் பாதுகாப்பதற்கு 1979இல் ஆஸ்திரேலியாவில் வந்த வழிகாட்டியான பர்ரா சாசனம் தேவையான அளவுக்குச் செய், ஆனால் முடிந்தவரை குறைவாகச் செய் என்கிறது. கேட்க நன்றாக இருக்கும். எஸ்டிமேட்டில் இதைக் காட்டுவதில்தான் சிக்கல்.

இரண்டு கொட்டேஷன் வாங்கினோம். முதல் ஒப்பந்தக்காரர் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார்: "ஜன்னல்கள் அனைத்தும் புதிது, சுவர் முழுதும் மறுபூச்சு", அடியில் மொத்தத் தொகை. இரண்டாவது ஆசாரி எங்கள் தாத்தா வயது. படித்தவரில்லை, அவர் சொல்லச் சொல்ல அவர் பேரன் எழுதினான். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு எண். "நாலாம் நம்பர்: கீழ்ச்சட்டம் இடது முனை அரையடி மட்டும் வெட்டி, பழைய தேக்கில் ஒட்டு. கீல் அதேதான். கண்ணாடி ஒன்று மாற்ற வேண்டும்." இப்படி ஒவ்வொரு ஜன்னலுக்கும். மொத்தத்தில் அவர் தொகை குறைவு, ஆனால் கூலி அதிகம், சாமான் குறைவு. ஒப்புதல் தரும் குழுவில் முதல் கொட்டேஷனைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆசாரியின் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக வந்து சரிபார்த்தார்கள். மானியம் கேட்க எழுதும்போது "முழுவதும்", "அனைத்தும்" என்ற சொற்கள் வந்தாலே சந்தேகம் வரும்போல.

திண்ணையின் மரக் கைப்பிடிச் சுவர் விஷயம் இன்னும் சுவாரசியம். அது எப்போதோ போய்விட்டது. இரண்டு கால்கள் மட்டும் மிச்சம். பழையபடி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தோம். "எப்படி இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். ஊகித்துச் செய்யும் அலங்காரத்துக்குப் பணம் தரமாட்டார்களாம். அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஒரு கல்யாணப் போட்டோ இருந்தது. மாப்பிள்ளை, பெண், பின்னால் திண்ணை. பெண்ணின் தோளுக்கு மேலே கைப்பிடிச் சுவரின் கடைசல் கம்பிகள் இரண்டு தெளிவாகத் தெரிந்தன. அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கி, மிச்சமிருந்த கால்களின் அளவை வைத்து ஆசாரி வரைந்து கொடுத்தார். அந்த வரி அப்படியே அனுமதியானது. வீட்டின் பழைய போட்டோக்களைத் தேடி எடுப்பதை விண்ணப்பம் போடும் முன்பே முடித்துவிடுங்கள். உறவினர் வீடுகளில், ஆல்பங்களில், தெரியாத மனிதர்களின் தோளுக்குப் பின்னால் உங்கள் வீடு இருக்கும்.

இப்போது பணம் உண்மையில் எப்படி வருகிறது என்ற இடத்துக்கு வருகிறேன். யாரும் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. மானியம் அறிவித்தவுடன் காசோலை வராது. பெரும்பாலும் நீங்கள் செலவழித்துவிட்டு, பில் காட்டி, அவர்கள் வந்து பார்த்து, அப்புறம்தான் அவர்கள் பங்கு வரும். எங்களுக்குக் கிடைத்தது பாதிச் செலவு. பாதி நாங்கள் போட வேண்டும் என்பதற்குத் தயாராக இருந்தோம். முழுவதையும் முதலில் நாங்களே போட்டு, பாதி திரும்பி வரக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் கையைக் கடித்தது. அந்த இடைவெளிக்குக் கைமாற்று, நகைக்கடன், தெரிந்தவர் உதவி என்று ஏதாவது ஒன்றை முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வேலையை மூன்று கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தின் பணம் வந்த பிறகே அடுத்ததைத் தொடங்கலாமா என்று கேட்டோம். ஒத்துக்கொண்டார்கள். கேட்காமல் இருந்தால் அவர்களாகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பில் இன்னொரு தலைவலி. சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த மேஸ்திரியிடம் பில் புத்தகம் எங்கே இருக்கும்? அவர்கள் நாள்கூலி ஆட்கள். முதல் நாளே அலுவலகத்தில் கேட்டு, கூலிப்பதிவேடு இருந்தால் போதும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். தேதி, பெயர், என்ன வேலை, எவ்வளவு கூலி, கையெழுத்து அல்லது கைநாட்டு. சாயங்காலம் அன்றைய வேலையின் போட்டோ. வேலைக்கு முன், நடுவில், முடிந்த பின் என்று ஒரே இடத்தில் நின்று எடுத்தால் நல்லது. பூசி மூடிய பிறகு உள்ளே சுண்ணாம்பா சிமெண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் எடுத்த போட்டோதான் பேசும்.

எழுத்தில் அனுமதி வரும்வரை கூரையிலிருந்து ஒரு ஓடுகூடக் கழற்றாதீர்கள். தொடங்கிவிட்ட வேலைக்குப் பெரும்பாலான திட்டங்கள் பணம் தராது. மழை நெருங்குகிறது என்று மனம் துடிக்கும். தார்ப்பாய் போட்டு மூடலாம். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லமாட்டார்கள். விதிவிலக்கும் உண்டு: நெதர்லாந்தில் குடியிருப்பாக உள்ள தேசிய மரபுச்சின்னங்களுக்கு 2019இல் பழைய வரிக்கழிவை எடுத்துவிட்டு, பராமரிப்புச் செலவில் 38% மானியம் கொண்டுவந்தபோது, செலவு செய்த அடுத்த ஆண்டில் விண்ணப்பிக்கும்படி வைத்தார்கள். உங்கள் திட்டம் எந்த வகை என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

வங்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. வந்த மதிப்பீட்டாளர் மண்ணுக்கு ஒரு விலை போட்டார். கட்டடத்துக்கு எதிரே பூஜ்யம். வயதானதாம், தேய்மானம் முடிந்துவிட்டதாம். அதே கட்டடத்தை மரபுச்சின்னம் என்று இன்னொரு அலுவலகம் சான்றிதழ் கொடுத்திருந்தது. இரண்டு காகிதமும் என் பையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கடைசியில் மண்ணின் மேல்தான் கடன் வந்தது. நிலை அறிக்கையையும் மானிய அனுமதிக் கடிதத்தையும் கொண்டுபோய் மேலாளரை நேரில் பார்த்தபோது வட்டி குறையவில்லை, ஆனால் தொகை கூடியது. எஸ்டிமேட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கூடுதலாகவே கடன் கேளுங்கள். பழைய வீட்டில் ஒரு பலகையைப் பிரித்தால் பின்னால் இன்னொரு வேலை உட்கார்ந்திருக்கும்.

பணமாக வராத உதவியும் பணம்தான். கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள் பாடத்துக்காக வந்து வீட்டை அளந்து வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். வெளியில் செய்திருந்தால் கணிசமான செலவு. இதற்கு ஒரு முன்னோடி உண்டு: 1933இல் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக்கலைஞர்களை வைத்துப் பழைய கட்டடங்களை அளந்து வரையும் திட்டத்தை அமெரிக்க அரசு தொடங்கியது. அந்த வரைபடங்கள் இன்றும் அங்குள்ள நாடாளுமன்ற நூலகத்தில் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பகுதியில் இப்படி யாராவது உங்கள் வீட்டையோ பக்கத்து வீட்டையோ முன்பே வரைந்து வைத்திருக்கலாம், தேடிப் பாருங்கள். தச்சுப் பயிற்சி நடத்தும் ஒரு இடம் பின்பக்க ஜன்னல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. மரம் நாங்கள் கொடுத்தோம், கூலி இல்லை. கொஞ்சம் தாமதம், கொஞ்சம் கோணல். பின்பக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.

சித்தப்பாவின் பயத்துக்கு வருகிறேன். எந்த உதவியும் சும்மா வராது. அமெரிக்காவின் 20% வரிச்சலுகையை வாங்கிவிட்டு ஐந்து வருடத்துக்குள் விற்றால் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பிரான்சில் வரலாற்றுச் சின்ன வீட்டுக்கான வரிக்கழிவுக்கு 15 வருடம் கையில் வைத்திருக்க வேண்டும். அயர்லாந்தில் இதே போன்ற வரிச்சலுகைக்கு வருடத்தில் 60 நாள் பொதுமக்களுக்கு வீட்டைத் திறந்துவிட வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் விற்கத் தடையில்லை. விற்றால் மீதிக் காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் திருப்பித் தர வேண்டும், முகப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது, அவ்வளவுதான். சித்தப்பா அந்தப் பத்தியை ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டார். அவர் செய்தது சரி. முகப்பை மாற்றும் உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் என்றால், பிள்ளைகளையும் கூட்டி உட்காரவைத்துப் பேசுங்கள். அது அவர்களையும் கட்டும்.

கடைசித் தவணை வந்த பிறகும் கோப்பைப் பரணில் ஏற்ற வேண்டாம். ஒப்பந்தக் காலம் முழுக்க ஆய்வுக்கு வரலாம் என்று எங்கள் கடிதத்தில் இருக்கிறது. மழைக்கு முன்னால் தாரை சுத்தம் செய்ததற்கும், ஓடுகளைச் சரிசெய்ததற்கும் ஒரு வரி எழுதி, தேதி போட்டு வைக்கிறோம். கூரையின் காப்பீட்டுத் தொகையையும் புதிய செலவுக்கேற்ப மாற்றியாயிற்று. சமையலறைக்கு அடுத்த வருடம் தனியாக லோன் போடுவதாக இருக்கிறோம்; அதற்கான எஸ்டிமேட்டை இந்த முறை என் மனைவியே எழுதி வைத்திருக்கிறாள்.